பதில்: டெக்சாஸ் சிறையில் தம்பிக்குச் சிகிச்சை மறுப்பு, வழக்கறிஞர் இல்லாமல் வழக்கு

தம்பியின் முதல் குறைமனு தள்ளுபடியானதால் நேராக வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சிறைக்குள் உள்ள முறையீட்டுப் படிகளை முடிக்காமல் போனால், 1996-ஆம் ஆண்டின் கைதிகள் வழக்குச் சட்டப்படி வழக்கு தள்ளுபடியாகும். டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் இரண்டு படிகள். முதல் படியின் பதில் தேதியிலிருந்து 15 நாளுக்குள் இரண்டாம் படி மனு போக வேண்டும், பதில் எழுதித் திரும்பிய முதல் படிவத்தின் அசலோடு. அதற்குமுன் அதை வரிக்கு வரி நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, மாநில அதிகாரிகள் உரிமையை மீறினால் அவர்கள்மேல் வழக்குப் போட வழிசெய்யும் கூட்டாட்சிச் சட்டத்தின் 1983-ஆம் பிரிவின்கீழ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் கைதிகளுக்கான படிவம். அங்கே கால வரம்பு பொதுவாக 2 ஆண்டு. சிறையையோ மாநிலத்தையோ எதிர்வாதியாக்கி நட்டஈடு கேட்டால் நிற்காது. எந்தச் செவிலியர், எந்த அதிகாரி, எந்தத் தேதியில், என்ன தெரிந்தும் என்ன செய்யவில்லை என்று ஆள்வாரியாக எழுத வேண்டும். மருத்துவர் தவறினார் என்பது மட்டும் போதாது. ஆபத்து தெரிந்தே அலட்சியம் செய்தார் என்று காட்டவேண்டும். பலர் இங்கேதான் தோற்கிறார்கள்.

பணமில்லை என்றால், நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டியே முழுதாகக் கட்டாமல் வழக்குப் போட அனுமதி கேட்டு, 6 மாதச் சிறைக் கணக்கு விவரத்தை இணைத்து மனுச் செய்யலாம். ஆனாலும் 350 டாலர் கட்டணம் ரத்தாகாது, தவணையாகப் பிடிப்பார்கள்.

கையெழுத்து தம்பியுடையதாகவே இருக்கட்டும். வழக்கறிஞர் அல்லாத நீங்கள் அவருக்காகப் போட முடியாது.