ஒரு கம்பெனி மேல் பணம் கேட்டு சிவில் வழக்கு நடக்கும்போது அந்தக் கம்பெனி திவாலானால் வழக்கு என்ன ஆகும்?

வழக்கு தள்ளுபடி ஆகாது, இருந்த இடத்திலேயே நிற்கும். அது நிற்கிறதே என்று நீங்களும் சும்மா இருந்தால்தான் பணம் போகும்.

எந்த நாளிலிருந்து நிற்கும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யாரோ என்.சி.எல்.டி.யில் (கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) திவால் மனு போட்டதால் மட்டும் உங்கள் வழக்கு நிற்காது. அந்த மனுவை அனுமதித்துத் தீர்ப்பாயம் உத்தரவு போடும் நாளில்தான், 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி மொரட்டோரியம் (கம்பெனி மேல் வழக்கு, வசூல் எல்லாவற்றுக்கும் தற்காலிகத் தடை) தொடங்குகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் "கம்பெனி என்.சி.எல்.டி.யில் இருக்கிறது" என்று சொல்லி வாய்தா வாங்கப் பார்த்தால், அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

உத்தரவு வந்துவிட்டால் புது வழக்கு போட முடியாது. பழைய வழக்கு நகராது. கையில் டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) இருந்தாலும் இ.பி. (அதை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு ஜப்தி செய்ய முடியாது. ஆனால் இந்தக் குடை கம்பெனிக்கு மட்டும்தான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட இயக்குநர் மேல் மொரட்டோரியத்தைக் காட்டி வழக்கை நிறுத்த முடியாது. செக் பவுன்ஸ் வழக்கு கம்பெனி மேல் நிற்கும், கையெழுத்துப் போட்ட இயக்குநர்கள் மேல் தொடரும் என்று 2021-இல் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி உங்கள் வேலை கோர்ட்டில் இல்லை, இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் (திவாலான கம்பெனியைக் கவனிக்கத் தீர்ப்பாயம் நியமிப்பவர்). அவர் நியமனமான 3 நாளுக்குள் நாளிதழில் அறிவிப்பு வரும். நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் உரிமைகோரல் கொடுக்க வேண்டும். சரக்கோ சேவையோ கொடுத்து பாக்கி நிற்பவர்களுக்கு படிவம் பி, கடன் கொடுத்தவர்களுக்கு சி, ஊழியர்களுக்கு டி, நஷ்டஈடு மாதிரி மற்றவற்றுக்கு எஃப். பில், கணக்குப் பேரேடு, வழக்கின் பிராது நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். வட்டியை அனுமதி உத்தரவு நாள் வரைதான் கணக்குப் போட வேண்டும். தேதி தாண்டினால் கொஞ்ச காலம் தாமதத்தை ஏற்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள்.

வழக்கு முடியாததால் தொகை சர்ச்சையில் இருக்கிறது என்று உங்கள் கோரிக்கையை வெறும் 1 ரூபாய் மதிப்பில் பதிவு செய்யவும் வாய்ப்புண்டு. எஸ்ஸார் ஸ்டீல் விவகாரத்தில் அப்படி நடந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கொடுமைதான். அதனால் எதிர்த்தரப்பு பாக்கியை ஒப்புக்கொண்ட கடிதமோ மின்னஞ்சலோ இருந்தால் அதை மேலே வையுங்கள்.

கோரிக்கையே கொடுக்காவிட்டால் இன்னும் மோசம். கம்பெனியை எடுத்து நடத்த வரும் புதிய முதலாளியின் தீர்வுத் திட்டத்தை (யாருக்கு எவ்வளவு தருவது என்ற திட்டம்) தீர்ப்பாயம் அங்கீகரித்த நாளில், அதில் இடம்பெறாத பாக்கிகள் அழிந்துபோகும் (கன்ஷியாம் மிஷ்ரா தீர்ப்பு, 2021). அப்புறம் சிவில் வழக்கைத் தூசு தட்டி எடுத்தாலும் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தத் திவால் நடவடிக்கையை முடிக்கக் கெடு 180 நாள், கூடுதலாக 90; வழக்கு இழுபறி சேர்த்து 330 நாள் என்கிறது சட்டம். நடைமுறையில் இதையும் தாண்டும். இடையில் சமரசமாகி, கடன் கொடுத்தவர்கள் குழுவில் 90 சதவீத வாக்கோடு திவால் மனு வாபஸ் ஆனால் உங்கள் வழக்கு நின்ற இடத்திலிருந்து தொடரும். மொரட்டோரியக் காலம் வழக்குப் போடுவதற்கான காலவரம்பில் சேராது.

அதற்கு வழக்கு உயிரோடு இருக்க வேண்டுமே! உத்தரவு நகலோடு கோர்ட்டில் மெமோ (சிறு குறிப்பு மனு) போட்டு, வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். "நின்றுதானே கிடக்கிறது" என்று வாய்தாவுக்கு ஆளே போகாமல் விட்டால் 'டிஃபால்ட்' (ஆஜராகவில்லை) என்று எழுதித் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.