மூன்றரை மணிக்குப் பிறகு பறக்க நினைக்கும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ஆறு ஆண்டுகளாகப் பங்குச் சந்தையில் இன்ட்ராடே வர்த்தகம், அதாவது வாங்கிய பங்கை அன்றே விற்றுவிடும் வர்த்தகம் செய்கிறார். மாலை 3.30 மணிக்குச் சந்தை முடிந்ததும் நண்பர்கள் மூவருடன் கூடுவார். அங்கே இப்போதெல்லாம் நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீட்டைப் பற்றிய பேச்சைவிட, சிறிய விமானங்களைப் பற்றிய பேச்சுதான் அதிகம். நால்வரும் சேர்ந்து பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கி, விமானி உரிமமும் பெறப்போகிறார்களாம். "சாலையைவிட வானம் பாதுகாப்பு, இந்த விமானத்தில் பாராசூட் வேறு இருக்கிறது" என்கிறார். தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நங்கநல்லூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சலுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் உங்களிடம் வான் பயணமே ஆபத்து என்று நான் சொன்னால் எடுபடாது. அது உண்மையும் அல்ல. ஆனால் உங்கள் கணவர் சொல்லும் கணக்கு, இரண்டு விமானிகளும், முறையான பராமரிப்பும், தரையிலிருந்து கண்காணிக்க ஒரு நிறுவனமும் உள்ள பயணிகள் விமானத்துக்குரியது. அதைத் தனி ஆள் ஓட்டும் சிறு விமானத்துக்குப் பொருத்துவது, பெரிய வங்கிப் பங்கின் நிதானத்தைக் காட்டி, போட்ட பணம் முழுவதும் போய்விடக்கூடிய ஆப்ஷன் ஒப்பந்தத்தை வாங்கச் சொல்வதைப் போன்றது. சிறு விமானங்கள் மிகுதியாகப் பறக்கும் அமெரிக்காவில், ஏறத்தாழ ஒரு லட்சம் பறக்கும் மணிக்கு ஒன்று என்ற அளவில் உயிர்ச்சேத விபத்துகள் நடக்கின்றன. அங்குள்ளவர்களே இதை மோட்டார் சைக்கிளோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

பாராசூட் என்று அவர் சொல்வது சிர்ரஸ் வகை விமானமாகத்தான் இருக்க வேண்டும். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் அந்த அமைப்பு நல்ல கண்டுபிடிப்பு. 2002 அக்டோபரில் டெக்சாஸில், இறக்கையில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் அய்லரான் என்ற அசையும் பகுதி கழன்றுபோன ஒரு சிர்ரஸின் விமானியை அதுதான் முதன்முதலாகக் காப்பாற்றியது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில், கைப்பிடி தலைக்கு மேலேயே இருந்தும், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று கடைசி வரை அதை இழுக்காமலே இறந்தவர்கள் பலர். பயிற்சியில் "யோசிக்காதே, இழு" என்று திரும்பத் திரும்பப் பழக்கிய பிறகுதான் நிலைமை தேறியது. பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பாராசூட்டைக் கழற்றி மாற்ற வேண்டும், அது பெருஞ்செலவு என்பதையும், பழைய விமானத்தை விலை பேசும் நால்வரும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

சிறு விமானங்களில் எஞ்சின் கோளாற்றைவிட எனக்கு அச்சம் தருவது, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாத மனம். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 விமானிகளை மேகத்துக்குள் நுழைந்ததைப் போன்ற சூழலில் ஓட்டச் செய்து பார்த்தார்கள்; இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், அதற்குச் சராசரியாக 178 விநாடிகளே ஆயின. 1999 ஜூலையில், ஜான் எஃப். கென்னடியின் மகன் இரவு நேரப் பனிமூட்டத்தில் கடலுக்கு மேல் திசைப்புலன் குழம்பி, மனைவியோடும் மைத்துனியோடும் மாண்டார். கருவிகளைக் கொண்டு ஓட்டுவதற்கான தகுதியை அவர் அதுவரை பெற்றிருக்கவில்லை. நம் நாட்டிலும் 1980-இல் சஞ்சய் காந்தி டெல்லியில் சாகசம் செய்யும்போதுதான் விழுந்தார்.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரின் தொழில் எனக்குக் கவலை தருகிறது. இறங்கும் பங்கை "திரும்பிவிடும்" என்று நம்பி மேலும் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்பவரும், முன்னால் மேகம் கறுத்திருப்பதைக் கண்டும் "இன்னும் பத்து நிமிடம்தானே" என்று போய்க்கொண்டே இருப்பவரும் ஒரே ஆள்தான். சந்தையில் அதற்குப் பணத்தோடு போகும். வானில் அப்படி அல்ல. 2022-23-இல் பங்குகளையே நேரடியாக வாங்கி விற்கும் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் ஆய்வு சொன்னது. நஷ்டமடைந்தவர்களே சராசரியாக அதிக முறை வாங்கி விற்றவர்கள் என்றும் அதே ஆய்வு கண்டது. ஆகவே அவரிடம் விமானத்தைப் பற்றி வாதாடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில், ஸ்டாப் லாஸை, அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் எல்லையை, விலை நெருங்கி வந்தபோது எத்தனை முறை கீழே நகர்த்தினார் என்று வர்த்தகக் கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போட்ட இடத்திலேயே அதை விட்டுவைத்து, நஷ்டத்தை ஏற்று வெளியேறும் பழக்கம் உள்ளவர் என்றால், அவர் பறக்கக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடிக்கடி நகர்த்துகிறவர் என்றால், தடுங்கள்; சண்டை வந்தாலும் பரவாயில்லை.

கற்றுக்கொள்வதானாலும் விமானம் முதலில் வரக் கூடாது. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று. 41 வயதில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ அங்கேயே குறுக்கிடலாம். அடுத்து, தனியார் விமானி உரிமத்துக்கான குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறக்கும் பயிற்சி. மீனம்பாக்கம் ஓயாத விமான நிலையம், தாம்பரமும் அரக்கோணமும் பாதுகாப்புப் படைகளின் தளங்கள். ஆகவே நினைத்த மாலையில் எழும்பிப் பறக்க முடியும் என்ற கனவு சென்னையில் செல்லாது. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம் பொதுவாகச் சூரியன் மறைந்த பிறகு பறக்கக் கூடாது என்பதால், சந்தை முடிந்து கிளம்புகிறவருக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் கிடையாது. தனியார் பதிவில் உள்ள விமானத்தை வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டவும் சட்டம் இடம் தராது.

உங்கள் பங்குக்கு ஒரு வேலை உண்டு. வீட்டில் இருக்கும் விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு வகையில் பறப்பதற்கு இழப்பீடு இல்லை என்ற வரி, பல பத்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை, விமானத்துக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.