கோதிக் புத்தகப்பை: பளு விழும் இடத்தில் அழகு

கோலாலம்பூர் செந்தூலில் பை தைப்பதும் பழைய பைகளைப் பழுது பார்ப்பதும்தான் இருபது வருடமாக என் தொழில். போன மாதம் அண்ணன் மகளுக்குக் கறுப்பு கேன்வாஸில், மேல்பக்கம் கூர்வளைவாக, ஒரு புத்தகப்பை தைத்துக் கொடுத்தேன். அவள் அதை மாட்டிக்கொண்டு டியூஷனுக்குப் போனதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பலர் கேட்டதைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், படிவம் இரண்டு மாணவியின் தாய்: அக்கா, கோதிக் பைதான் வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாங்கள் சைவக் குடும்பம். மண்டையோடு, சிலுவை, வௌவால் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் மாமியார். அவை இல்லாமல் கோதிக் ஆகுமா?

தாராளமாக ஆகும்மா. கோதிக் என்பது முதலில் ஒரு கட்டடக்கலை. பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் டெனி மடாலயக் கோவிலில் 1144ல் திறந்த பகுதியைத்தான் அதன் தொடக்கம் என்பார்கள். கறுப்பு லேஸும் மண்டையோடும் 1980களை ஒட்டி இங்கிலாந்தின் இசை ரசிகர்கள் உடுத்திக் கொண்டவை. மகளைக் கூட்டிக்கொண்டு துன் சம்பந்தன் சாலையில் இருக்கும் ஜெபமாலை மாதா தேவாலயத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் மேரி தேவாலயமும் அதே பாணிதான். ஜன்னல்கள் மேலே கூராகக் குவிவதைப் பாருங்கள். அந்த வளைவு ஒன்று போதும், பை கோதிக் ஆகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய கோதிக் கோவில்களில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் கல் விலா எலும்புகளும் (உட்கூரையில் விலா எலும்பு மாதிரி ஓடும் கல் வளைவுகள்) வெளியே முட்டுக்கொடுத்த தூண்களும் கூரையின் பளுவோடு சம்பந்தப்பட்டவை. நான் பை தைப்பதும் அந்தக் கணக்கில்தான். நாடா, ரிவெட், பட்டி எதுவானாலும் பளு விழும் இடத்தில் வைப்பேன், வேறெங்கும் வைக்க மாட்டேன். மாமியாருக்கு முழுக்கறுப்பு மனதுக்கு ஒப்பவில்லை என்றால் விளிம்பில் அரக்குச் சிவப்பு பைப்பிங் கொடுங்கள். அந்த நிறம் கோதிக்குக்கும் பொருந்தும், வீட்டுப் பெரியவர்களுக்கும் சங்கடம் இருக்காது.

காஜாங்: கூர்வளைவை எப்படி வரைவது? கையால் வரைந்தால் ஒரு பக்கம் கோணலாகிறது.

கையால் வரையாதீர்கள். ஒரு நூலும் பென்சிலும் போதும். பையின் அகலம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 30 செ.மீ. அடிக்கோடு போட்டு, இரு முனையிலிருந்தும் 16 செ.மீ. நேராக மேலே ஏற்றுங்கள். இப்போது இடது பக்கக் கோட்டின் உச்சியில் குண்டூசி குத்தி, நூலை வலது உச்சி வரை இழுத்து, அந்த 30 செ.மீ. நீளத்திலேயே மேல்நோக்கி வளைவு போடுங்கள். பிறகு வலது உச்சியில் குத்தி இடதிலிருந்து போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் கூர்முனை. வளைவின் உயரம் 26 செ.மீ. வரும், மொத்தப் பை 42 செ.மீ.

ஒவ்வொரு வளைவும் ஏறக்குறைய 31.4 செ.மீ. நீளம். ஆக முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்கும் பட்டி, ஜிப் வரும் மேல்பட்டி 63, பக்கமும் அடியும் சேர்ந்த கீழ்ப்பட்டி 62 செ.மீ. என்று கிட்டத்தட்ட சமமாகப் பிரிந்துவிடும். பட்டியின் அகலம் 14 செ.மீ. போதும். எல்லாவற்றுக்கும் சுற்றிலும் தையலுக்கு 1.5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்.

முனையை ஊசி மாதிரி கூராக விட்டால் அந்த மடிப்பில் ஜிப் சிக்கும். டீ கோப்பையின் வாயை வைத்து லேசாக மழுக்கிவிடுங்கள். நீளத்தில் அரை சென்டிமீட்டர்தான் குறையும், அது தையலிலேயே அடங்கும். ஜிப் நைலான் சுருள் வகையாக இருக்கட்டும், 8ஆம் எண், இரண்டு இழுப்பான் வைத்தது. உலோகப் பல் ஜிப் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் வளைவில் முரண்டு பிடிக்கும்.

அதே வாசகர்: மேலே குவிந்து போனால் புத்தகம் நுழையுமா?

மேலே சொன்ன அளவில், அடியிலிருந்து 31 செ.மீ. உயரம் வரை பையின் அகலம் 21 செ.மீ.க்குக் குறையாது. ஏ4 புத்தகம் 21க்கு 29.7. நிற்க வைத்தாலும் முனை இடிக்காது. ஆனால் பெரிய ரிங் ஃபைல் நுழையாது. பிள்ளை தினமும் ஃபைல் எடுத்துப் போனால் பையைச் சாதாரணச் சதுரமாகத் தைத்து, முன் பாக்கெட்டை மட்டும் 20 செ.மீ. அகலத்தில் கூர்வளைவாக வையுங்கள். பார்வைக்கு அதுவும் நிறைவாகவே இருக்கும்.

ஷா ஆலம்: கறுப்புத் தோல் மாதிரித் துணி வாங்கலாமா? கேன்வாஸா?

தோல் மாதிரி இருக்கும் பியூ துணியைப் புத்தகப்பைக்கு வாங்காதீர்கள். அதன் மேல்பூச்சு ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். நம் ஊர்க் காற்று வருடம் முழுவதும் ஈரம். சில வருடம் முன்பு பளபளப்பான ஒரு ரோலை நம்பி நான்கு பைகள் தைத்தேன். இரண்டே வருடத்தில் தோள்வார் செதில் செதிலாக உரிந்து பிள்ளைகளின் சட்டையில் ஒட்டியது. நான்கையும் திரும்ப வாங்கி, என் செலவிலேயே கேன்வாஸில் தைத்துக் கொடுத்தேன்.

10 அல்லது 12 அவுன்ஸ் பருத்தி கேன்வாஸ், இல்லையென்றால் உள்பக்கம் பூச்சு உள்ள 600 டெனியர் பாலியஸ்டர் வாங்குங்கள். கேன்வாஸ் பார்க்க அழகு, வெயிலில் வெளுக்கும். பாலியஸ்டர் எடை குறைவு, மழைக்கு நல்லது. மஸ்ஜிட் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் துணிக்கடைகளில் நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள். துணியை இரண்டாக மடித்து நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழக்கூடாது. உள்துணி மட்டும் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புக்குள் கறுப்பு வைத்தால் அழிரப்பர் தேடியே ஒரு பாடவேளை போய்விடும்.

கிள்ளான்: என்னிடம் சாதாரண வீட்டு மெஷின்தான் இருக்கிறது. தாங்குமா?

நான்கு அடுக்கு கேன்வாஸ் வரை பெரும்பாலும் தாங்கும். 16ஆம் எண் ஊசி, நாடா சேரும் இடத்தில் 18. தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைக்கிறோம், ஆனால் ஓட்டை அதிகமானால் துணிதான் கிழியும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் நைந்துவிடும்.

தடித்த இடம் வந்தால் பெடலை மிதிக்காமல் பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் கால் சாய்ந்து நின்றால் அதன் பின்பக்கத்துக்கு அடியில் அதே தடிமனுக்கு மடித்த துணித்துண்டை வையுங்கள், கால் சமமாகி நகரும். தைப்பதற்கு முன்னால் தடித்த மடிப்பைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் ஊசி உடைவது குறையும்.

பலரும் கேட்டது: போன முறை வீட்டில் தைத்த பை மூன்றே மாதத்தில் தோள்வார் பிய்ந்தது. என்ன தப்பு?

என்னிடம் பழுதுக்கு வரும் பைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில் பிய்ந்தவைதான். பிள்ளை ஒரு வாரை மட்டும் பிடித்து வெடுக்கென்று தூக்குகிறது. மொத்தப் பளுவும் இரண்டு விரல் அகலத் துணியில் விழுகிறது. வாரைத் தையல் ஓரத்தில் சொருகி ஒரே ஒரு ஓட்டம் ஓட்டியிருந்தால் அது நிற்காது.

நான் செய்வதைச் சொல்கிறேன். 38 மி.மீ. நாடா வாங்குங்கள், வெட்டிய முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத் துணிக்கு உள்ளே, மேல்பாதி முழுவதும் இன்னொரு அடுக்கு கேன்வாஸ் கொடுங்கள். அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் வாரை வையுங்கள். வாரின் நாடாவை அங்கேயே வெட்டாமல், பின்பக்கத்தின் மேலேயே கீழே வரை இறக்கி, முனையை அடித்தையலுக்குள் கொடுங்கள். இரு ஓரமும் தைத்து, வார் தொடங்கும் இடத்தில் 4 செ.மீ. கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, அதையே மூன்று முறை ஓட்டுங்கள். இப்போது பளு ஒரு புள்ளியில் நிற்காமல் அடிப்பாகம் வரை இறங்கும். முன்பக்கமும் அதே நேரில் இரண்டு நாடா ஏற்றி வளைவோடு சேர்த்தால், நான் முதலில் சொன்ன கல் விலா எலும்பு மாதிரியே தெரியும். என் அண்ணன் மகளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

தோளில் படும் பாகம் 6, 7 செ.மீ. அகலம், உள்ளே 1 செ.மீ. ஃபோம். வாரின் கீழ்முனைக்கு முக்கோணக் கேன்வாஸ் துண்டு மடித்து, நாடாவை அதற்குள் தைத்து, அந்த முக்கோணத்தைப் பக்கத் தையலில் கொடுங்கள்.

பெட்டாலிங் ஜெயா, படிவம் மூன்று மாணவி: ஆன்ட்டி, முள் முள்ளாக ஸ்டட் வைக்கலாமா?

வேண்டாம்மா. எல்ஆர்டி ரயில் கூட்டத்தில் உன் பின்னால் நிற்பவர் முகத்துக்கு நேரே அது இருக்கும். பள்ளியிலும் ஒழுங்கு ஆசிரியர் நிறுத்தி வைப்பார். தட்டைத் தலை ரிவெட்டை அந்தப் பெருக்கல் குறிக் கட்டத்தின் நான்கு மூலையிலும் அடி. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போ. ஒட்டினால் உள்ளே இரும்பு, வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும். பித்தளையில் ஒட்டாது.

அம்பாங்: கறுப்புச் சாயம் பள்ளிச் சட்டையில் ஏறுமா?

ஏறும், வெள்ளைச் சட்டையின் முதுகில்தான் முதலில் தெரியும். ஈர வெள்ளைத் துணியால் கேன்வாஸை முப்பது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால், வெட்டுவதற்கு முன்பே தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பருத்தி கேன்வாஸ் சுருங்கவும் செய்யும், அதற்கும் இந்த அலசல் வேண்டும். அப்போதும் சாயம் விட்டால் முதுகில் படும் பக்கத்தை மட்டும் கறுப்புப் பாலியஸ்டரில் வையுங்கள்.

செராஸ்: சாயங்கால மழைக்கு என்ன செய்வது?

எந்தத் துணியானாலும் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். உடைந்த கறுப்புக் குடையின் துணியைப் பிரித்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து ஒரு உறை தைத்துப் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். நனைந்த பையை அலமாரிக்குள் வைக்க வேண்டாம். ஜிப்பைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

பத்துமலை: இவ்வளவு அடுக்கு வைத்தால் பை கனக்காதா?

கனக்கும், அதனால்தான் தேவையில்லாத உலோகம் வேண்டாம் என்கிறேன். பிள்ளையின் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் சுமை இருப்பது நல்லது என்பார்கள். 40 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிலோ, புத்தகம் எல்லாம் சேர்த்து. வெறும் பை ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. அடியில் மரப்பலகை வைக்காமல், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் போடுங்கள்.

செந்தூல், 14 வயது மாணவன்: ஆன்ட்டி, நானே தைக்க ஆசை. இதுவரை மெஷினைத் தொட்டதில்லை.

நல்ல ஆசை தம்பி. நேரே கேன்வாஸில் கை வைக்காதே. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, அதில் நாடா வைத்து அந்தப் பெருக்கல் குறிக் கட்டத்தைப் பத்து முறை தை. பத்தாவதை இரண்டு கையாலும் முழு பலத்தோடு இழுத்துப் பார். பிரியவில்லை என்றால் நூலும் காகிதமும் எடுத்து வளைவு போட ஆரம்பி. துணியை வெட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வா, அளவைச் சேர்ந்தே சரிபார்ப்போம். சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு.