பத்தாவது போதும் என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். ராணுவத்தில் அக்னிவீரர் ஆக வேண்டுமென்று பயிற்சி மையத்தில் சேர்ந்தான். "பத்தாவது பாஸ் போதும்" என்று ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. நன்றாக ஓடுவான். அவன் போக்கில் விட்டுவிடலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. நான் காலாட்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் ஆசை எனக்குப் புரிகிறது.

பத்தாவது போதும் என்பது பொய்யில்லை. ஜெனரல் டியூட்டி என்ற பொதுப் பணி வீரர் பிரிவுக்கு மொத்தத்தில் 45 சதவீதம், பாடத்துக்கு 33 இருந்தால் சரி. ஆனால் பதினேழரை வயது ஆகாமல் எடுக்க மாட்டார்கள். இப்போது பள்ளியை விட்டாலும் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் பிளஸ் டூவே முடியப்போகிறது. கிளார்க் பிரிவுக்கு அந்தப் பிளஸ் டூதான் கேட்பார்கள்; டெக்னிக்கலுக்கு அது வேண்டும், இல்லையென்றால் பத்தாவதோடு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வேண்டும். ஓட்டத்தை மட்டும் நம்பவும் முடியாது. 2023 முதல் எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது. அதில் தேறியவன்தான் மைதானத்துக்கே போவான்.

ஒரு தேர்வு முகாமில் பார்த்த பையனை இன்னும் மறக்க முடியவில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தவன். மருத்துவப் பரிசோதனையில் முட்டி இடிக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பனியனில் குத்திய எண் சீட்டைக்கூடக் கழற்றாமல் கம்பிவேலி ஓரம் உட்கார்ந்திருந்தான். பிளஸ் ஒன்னில் நின்றவனாம். உள்ளே போனவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது சான்று வாங்க ஏற்பாடு இருக்கிறது. வேலியோரம் உட்கார்ந்தவனுக்கு அது இல்லையே.

நானும் பத்தாவதோடு போனவன்தான். ஆனால் 17 வருஷம் இருந்தேன். 15 வருஷம் முடித்த, பத்தாவது படித்த ஆளுக்குப் பட்டதாரிக்கு நிகரான சான்று தருவார்கள். அந்தத் தாளை வைத்துத்தான் ஊருக்கு வந்தபின் எழுத்தர் வேலை வாங்கினேன். அக்னிவீரருக்கு நாலே வருஷம். நிரந்தரமாக வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற மொத்தத் தொகையுடன் திரும்புவார்கள்; ஓய்வூதியம் கிடையாது. இருபத்திரண்டு வயதில் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது படிப்பைத்தான்.

அவன் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். விடியற்காலை ஓடட்டும், எட்டரைக்குப் பள்ளிக்குக் கிளம்பட்டும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர முடியுமா என்று கேளுங்கள், சான்றிதழுக்குப் போனஸ் மதிப்பெண் உண்டு. நாளைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். விட்டுப்போன வருகைப் பதிவுக்கு என்ன வழி என்று அவரிடமே கேளுங்கள். அப்புறமும் அவன் பிடிவாதம் பிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.