பெரிய டெக் கம்பெனிகளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுகிறார்களா? தடுப்பே இல்லாமல் எல்லோரும் ஒரே ஹாலில் உட்காரும் ஓப்பன் ஆபீஸில் வேலை ஓடுமா?

விடுகிறார்கள். ஆனால் இன்றைக்கு விடுவதை நம்பி ஊரில் கடன் வாங்கி வீடு கட்டிவிடாதீர்கள். அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 5 நாளும் ஆபீஸ் என்று மாற்றியது. கூகுளில் 2022 முதல் பெரும்பாலானவர்களுக்கு 3 நாள். நான் சேலம் அம்மாபேட்டையில் இருந்துகொண்டு பெங்களூர் ஆபீஸ் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன், டீம் கூடும் நாட்களுக்கு மட்டும் தொப்பூர் வழியாக பஸ் ஏறிப் போய் வருவேன்.

என் கோபமெல்லாம் அந்த ஓப்பன் ஆபீஸ் ஹால் மேல்தான். நேரில் பேசினால்தான் யோசனை பிறக்கும் என்று வரச் சொல்கிறார்கள், போய்ப் பார்த்தால் நீளமான மேஜையில் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்காரருக்கே சாட்டில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் வாயைத் திறந்தால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். இது எங்கள் ஆபீஸ் கதை மட்டும் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓப்பன் ஆபீஸுக்கு மாறிய இரண்டு பெரிய கம்பெனிகளின் ஊழியர்களுக்கு சென்சார் மாட்டி அளந்தார்கள். நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மெயிலும் மெசேஜும்தான் கூடியிருந்தன.

சத்தம் இருந்தால் என்ன, பழகிவிடும் என்பார்கள். எங்கள் தெருவில் காலையிலிருந்து தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் நான் மணிக்கணக்காக புரோகிராம் எழுதுவேன், ஒன்றும் ஆகாது, ஒரே சீராகப் போகிற சத்தம் அது. ஆனால் பின்னால் ஒருவர் கிளையன்ட்டுடன் போனில் பேசும்போது, வேண்டாம் என்றாலும் காது அந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்கிறது, கையில் இருந்த லாஜிக் போய்விடுகிறது. கதவு உள்ள அறைகளோ இரண்டு மூன்றுதான், அதையும் காலையிலேயே யாராவது புக் பண்ணிவிடுவார்கள்.

அதற்காக ஆபீஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது வீடியோ காலில் வராது. பாதி வீடு பாதி ஆபீஸ் என்பதே சரி. பயண டிக்கெட் புக் செய்யும் ட்ரிப்.காம் கம்பெனியில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழு செய்த ஆய்வு 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது: வாரம் 2 நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத் தரம் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

அப்புறம், ஏற்காட்டில் வீடெடுத்து வேலை பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், ரவுட்டருக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்டர்வியூவில் கூச்சப்படாமல் விசாரியுங்கள்: ஆபீஸில் நமக்கென்று ஒரு சீட் உண்டா, தினமும் வந்து சீட் பிடிக்க வேண்டுமா, ஆபீஸ் வாசலில் கார்டு தேய்க்கும் கணக்கை, வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் பார்ப்பார்களா. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று வாயால் மட்டும் சொன்னால், ஆஃபர் லெட்டரில் வேலை செய்யும் ஊர் என்ற இடத்தில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.