வகுப்பின் சராசரி வேறு, மகளின் மதிப்பெண் வேறு

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதிய கடிதத்தில், நீட் பயிற்சி மையத்தார் தங்களுடைய 25 பேர் கொண்ட வகுப்பின் சராசரி 450-ஐத் தாண்டுவது 97 விழுக்காடு உறுதி என்று சொன்னதைக் குறிப்பிட்டு, உங்கள் மகளுக்கும் அதே உறுதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் விடை.

மாணவர்களின் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (சராசரியை ஒட்டிப் பலரும், இரு ஓரங்களிலும் சிலருமாக) அமைந்து, சராசரி 480, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு) 80 என்று வைத்துக்கொள்வோம். தனி ஒரு மாணவி 450-ஐத் தாண்டுவாரா என்று பார்க்க, இடைவெளியான 30-ஐ 80 ஆல் வகுக்கிறோம், கிடைக்கும் 0.375-க்கு இயல்நிலைப் பரவல் அட்டவணையில் உரிய நிகழ்தகவு ஏறத்தாழ 65 விழுக்காடு. 25 பேரின் சராசரியைப் பார்க்கும்போதோ, ஒருவர் இழந்ததை இன்னொருவர் ஈடுகட்டிவிடுவதால், 80-ஐ 25-இன் வர்க்கமூலமான 5 ஆல் வகுத்து வரும் 16 என்ற திட்டப் பிழையை (சராசரி ஏறியிறங்கக்கூடிய அளவை) கொண்டே வகுக்க வேண்டும். 30-ஐ 16 ஆல் வகுத்தால் 1.875, அதற்கு உரியது 97 விழுக்காடு. மையத்தார் பொய் சொல்லவில்லை. ஆயினும் அதே வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோர் 450-ஐ எட்டாமல் போகலாம். (மதிப்பெண் பார்த்துப் பிரித்த வகுப்பென்றால் இந்தக் கணக்கே பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மையத்தாரின் சராசரியைவிட மகளின் மாதிரித் தேர்வுகளையே நான் நம்புவேன். அவர் எழுதிய 9 தேர்வுகளின் சராசரி 460, திட்ட விலக்கம் 45 எனில், அந்தச் சராசரியின் பிழை 15 மட்டுமே என்பதால் அவருடைய தரத்தை அது நன்றாகவே காட்டும். ஆனால் நீட் என்பது ஒரே நாளில் எழுதும் ஒரே தேர்வு; அங்கே செல்லுபடியாவது 15 அல்ல, 45. அதாவது, அதே தரத்தில் எழுதினாலும் 415-க்கும் 505-க்கும் இடையில் எங்கும் அமையலாம். அதற்கு வெளியே போகவும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆகவே 415 வந்தாலும் என்ன செய்வதென்று இப்போதே முடிவு செய்யுங்கள். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றவரானால், 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் கட்-ஆஃப்பைத் தனியே எடுத்துப் பாருங்கள். பொதுக் கலந்தாய்வின் கட்-ஆஃப்போடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடைபெறும் வேளாண்மை, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கு, நீட் முடிவுக்குக் காத்திராமல், அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.