70-லேயே நிற்கும் கடினம்: மறுபடி சூளைக்கு அனுப்பலாமா?

கேள்வி: கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் சிறிய கிராவிட்டி டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தமில்லாமல் இரும்பு அச்சில் ஊற்றும்) பட்டறை வைத்திருக்கிறோம். கார் பிராக்கெட்டை எல்எம்25 என்ற அலுமினியக் கலவையில் வார்த்து, ஒரு புரோக்கர் மூலம் கோவைக்கு டி6 ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடாக்கிக் கடினமாக்கும் வேலை) அனுப்புகிறோம். வாங்குபவர் குறைந்தது 90 பிஎச்என் (பிரினெல் கடின எண்) கேட்கிறார். 68 முதல் 72 வரைதான் வருகிறது. "உங்கள் உலோகம் சரியில்லை, இன்னொரு தடவை போட்டால் ஏறும்" என்கிறார் புரோக்கர். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். வார்த்தபடியே இருக்கும் எல்எம்25 55 முதல் 65 வரை காட்டும். டி6 ஒழுங்காக முடிந்தால் 90 முதல் 110. உங்களுடையது நடுவில் நிற்கிறது. சூளைக்குள் போயிருக்கிறது, வேலை முடியவில்லை.

டி6 மூன்று கட்ட வேலை. சுமார் 535 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்தால் மெக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரையும். உடனே வெந்நீரில் முக்கினால் கரைந்தபடியே நிற்கும். பிறகு 165 டிகிரியில் எட்டு மணி நேரம் வைக்கும்போதுதான் அவை நுண்துகள்களாகப் பிரிந்து வலு தரும். இது ஏஜிங். சூளைக்கு அடுத்த லோடு காத்திருந்தால் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

ஆகவே, இரண்டு பிராக்கெட்டை எடுத்து, காற்று சுழலும் பவுடர் கோட்டிங் ஓவனில் (பெயின்ட் சுடும் அடுப்பு) 165 டிகிரியில் எட்டு மணி நேரம் வையுங்கள். மேல்தோலை அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு, 10 மில்லிமீட்டர் குண்டு, 500 கிலோ பாரத்தில் அளக்கவும். 90-ஐத் தொட்டால் ஏஜிங்கில்தான் குறை. மீதி சரக்கையும் அப்படியே காப்பாற்றலாம். இறங்கினால் ஏற்கெனவே அதிகம் வெந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் சூளையோ முக்கலோ மெக்னீசியமோ காரணம்.

மெக்னீசியத்தை ஸ்பெக்ட்ரோவில் (உலோகக் கலவையை அளக்கும் கருவி) பாருங்கள். தர வரம்பு 0.20 முதல் 0.60 சதவீதம், 90 வேண்டுமானால் 0.35-க்குக் கீழே விடாதீர்கள். ரன்னர், ரைசரை (வார்ப்பிலிருந்து வெட்டியெடுக்கும் மிச்ச உலோகம்) திரும்பத் திரும்ப உருக்கினால் மெக்னீசியம் எரிந்து போகும். கடைசிக் கரண்டியிலிருந்து மாதிரி எடுங்கள். முதல் கரண்டி எப்போதும் நல்ல பிள்ளை.

உலோகம் சரியென்றால் புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் சரக்கோடு அதே கூடையில் வேறு எது போனது? நான்கு பட்டறைச் சரக்கை ஒன்றாகப் போட்டு ஒரு லோடு ஆக்குவது இவர்கள் பிழைப்பு. அதில் செம்பு கலந்த உலோகம் இருந்தால் 535-இல் அதன் உள்ளே உருகத் தொடங்கும். அதற்குப் பயந்து சூளையை 500-க்கு இறக்குவார்கள். உங்கள் மெக்னீசியம் முழுதாகக் கரையாமல் போகலாம். பழி உங்கள் உலோகத்துக்கு.

இதில் ஏடிசி12 என்ற அலுமினியக் கலவையில் அழுத்தத்தோடு அச்சுக்குள் அடிக்கும் பிரஷர் டை காஸ்டிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு இந்த டி6 கிடையாது. அதிவேகமாக அடிக்கும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. 500 டிகிரியில் உலோகம் இளகும், காற்று விரியும், மேலே கொப்புளம் கிளம்பும். அதற்கு நேரடி ஏஜிங் (535 டிகிரிக் கட்டம் இல்லாமல்) மட்டும்தான். வெற்றிடம் வைத்து அடித்த வார்ப்பு தாங்கும். சாதாரண மெஷினில் அடித்ததை "வேக்கம் சரக்கு" என்று வாய்வார்த்தையில் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு துண்டைச் சூளையில் வைத்துப் பார்த்தால் கொப்புளம் சொல்லிவிடும். அதைப் போட்ட கூடையில் உங்கள் பிராக்கெட் போகவே கூடாது.

முக்கலில் மூன்று கணக்கு. கதவு திறந்து 10 விநாடிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். தண்ணீர் 65 டிகிரி. 100 கிலோ வார்ப்புக்குக் குறைந்தது 1000 லிட்டர். அப்போதும் தண்ணீர் சுமார் 11 டிகிரி ஏறும், இரும்புக் கூடையின் சூடு தனி. சின்னத் தொட்டியில் கடைசி கூடை கொதிநீரில்தான் இறங்குகிறது.

டெஸ்ட் சர்டிபிகேட்டை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கும் வழக்கம்தான் இத்தனைக்கும் இடம் கொடுக்கிறது. மூன்று கையெழுத்து கேட்பவர்கள் சூளையின் சார்ட்டை (நேரத்துக்கு நேரம் வெப்பம் பதிவாகும் தாள்) கேட்பதில்லை. மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) போகும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (ஜிஎஸ்டி-யின் மின்னணுச் சரக்குப் போக்குவரத்து ரசீது) வேண்டும். "பேப்பர் வேலை நான் பார்க்கிறேன்" என்று புரோக்கர் உள்ளே நுழைவது அந்த வழியில்தான். பில்லை நீங்களே போடுங்கள், சூளைக்காரரிடம் நேரில் பேசுங்கள். சலானில் எழுதுங்கள்: எல்எம்25, தனி லோடு, 535 கூட்டல் கழித்தல் 5 டிகிரி, நேரக் கணக்கு சரக்கில் கட்டிய தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) 530-ஐத் தொட்டபின், ஏஜிங் 165-இல் எட்டு மணி, சூளையில் வைக்கும் இரண்டு கட்டத்துக்கும் சார்ட் நகல்.

சார்ட் தர மறுக்கும் சூளைக்கு அடுத்த லோடைக் கொடுக்காதீர்கள்.